ரெண்டு நல்ல ஏரியா, ஒரே பட்ஜெட்: குழந்தைங்களை வளர்க்க எது சரியா வரும்?

வெண்பா_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க. நானும் மனைவியும் ரெண்டு பேருமே வேலைக்குப் போறோம், பெரியவளுக்கு 7 வயசு, சின்னவனுக்கு 3, எங்க அம்மாவும் எங்ககூடத்தான் இருக்காங்க. இவ்வளவு நாள் வாடகை வீடு. இப்ப வாங்கிடலாம்னு தேடி அலைஞ்சு ரெண்டு இடத்துல வந்து நிக்கிறோம். ரெண்டுமே வசதியானவங்க இருக்கிற புறநகர், ரெண்டும் பாதுகாப்பு, ரெண்டுலயும் நல்ல பார்க், விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணு மோசம்னா முடிவெடுக்கிறது சுலபம், ரெண்டும் நல்லா இருக்கிறதுதான் பிரச்சினை.

பேரு வேண்டாம், பழசு, புதுசுன்னு வெச்சுக்கலாம். பழசுல ரயில் ஸ்டேஷன், லைப்ரரி, ஸ்கூல், கடைத்தெரு எல்லாம் நடக்கிற தூரம். ஆனா வீடு சின்னது, 50 வருஷத்துக்கு மேல ஆனது, உள்ள நிறைய வேலை இருக்கு. ஸ்கூல் நல்ல ஸ்கூல்தான், ஆனா ரேங்கிங்ல நடுவுக்குக் கொஞ்சம் மேலதான். ஆபீஸுக்கு 35 நிமிஷம். புதுசுல வீடு ஏறக்குறைய டபுள் சைஸ், கேட், கிளப் ஹவுஸ், நீச்சல் குளம், ஸ்கூல் இந்தப் பக்கத்துலயே முதல் ரேங்க். ஆனா பால் வாங்கணும்னாலும் கார் எடுக்கணும், ஆபீஸுக்கு ஒரு வழிக்கே 70 நிமிஷம். எனக்கு ஸ்கூலை நினைச்சா புதுசுதான் தோணுது. மனைவிக்கு பழசு. குழந்தைங்களை வளர்த்து முடிச்சவங்க, வளர்த்துக்கிட்டு இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கணக்குப்புள்ள:
தம்பி, முதல்ல நேரத்தைக் கணக்கு போடுங்க. ஒரு வழிக்கு 35 நிமிஷம் கூடுதல், போக வர 70. வருஷத்துக்கு 235 வேலை நாள்னு வெச்சாலே 270 மணி நேரத்தைத் தாண்டுது. அது உங்களுக்கு மட்டும், மனைவிக்கும் அதே கணக்குன்னா டபுள். இந்த நேரம் எங்கிருந்து போகுதுன்னு பாருங்க, ஆபீஸ்ல இருந்து போகாது, தூக்கத்துல இருந்தும் பிள்ளைங்ககிட்ட இருந்தும்தான் போகும். 3 வயசுப் பையன் எட்டு எட்டரைக்குத் தூங்கிடுவான். நீங்க ஏழேமுக்காலுக்கு வந்தா அவனோட உங்களுக்கு மிச்சம் எவ்வளவு?

ஃப்ரை, ஸ்டட்சர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் ஜெர்மனி குடும்பங்களோட பல வருஷ டேட்டாவை வெச்சு ஆராய்ச்சி பண்ணாங்க, 2008ல பத்திரிகையில வந்துச்சு. நியாயமாப் பார்த்தா தூரப் பயணத்துக்கு ஈடா பெரிய வீடோ நல்ல சம்பளமோ கிடைக்கும், அதனால மனசு சமமாயிடும்னு நினைக்கணும். ஆனா அவங்க பார்த்தது, பயணம் நீள நீள வாழ்க்கையில திருப்தி குறையுது, வீடும் சம்பளமும் அதை ஈடு கட்டலை. பெரிய வீடு கொஞ்ச நாள்ல பழகிடும், ஆனா டிராஃபிக் பழகவே பழகாது, ஏன்னா அது தினமும் ஒரு மாதிரி இருக்காது.

மழைச்சாரல்:
எனக்கு இதுல உடன்பாடு இல்ல அண்ணா. நாங்க புதுசு மாதிரி இடத்துலதான் ரொம்ப வருஷமா இருக்கோம், சந்தோஷமா இருக்கோம். வாரத்துல பாதி நாள் வீட்ல இருந்தே வேலை, அதனால பயணம் பெரிசா அடிக்கலை. தனி ரூம் இருக்கிறதால மாமியார் வந்தா அவங்களுக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி, பசங்க ஆன்லைன் கிளாஸ்ல இருந்தா நான் வேற ரூம்ல மீட்டிங் பேசலாம். கேட்டுக்குள்ள பசங்க சைக்கிள் ஓட்டுறாங்க, சாயங்காலம் பத்து பன்னெண்டு பிள்ளைங்க சேர்ந்து விளையாடுறாங்க, நான் ஜன்னல்ல இருந்து பார்க்க முடியுது. பழைய ஏரியான்னாலே குடும்பப் பாசம், புது ஏரியான்னா தனிமைன்னு எழுதுறது சரியில்ல. வெண்பா அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் வீட்ல இருந்து வேலை பார்க்க முடியுமா? அதைச் சொன்னாத்தான் பேச முடியும்.

வெண்பா_அப்பா:
இல்லைங்க. எனக்கு வாரத்துல நாலு நாள் போகணும், அவங்க ஹாஸ்பிட்டல்ல வேலை, தினமும் போயே ஆகணும்.

கணக்குப்புள்ள:
அப்ப உங்க மனைவியோட வேலைதான் இங்க முதல் கேள்வி, உங்க ஸ்கூல் ஆசை இல்ல. ஷிப்ட் முடிஞ்சு 70 நிமிஷம் கார் ஓட்டிட்டு வர்றது அவங்க.

ஒன்பதாம்_வகுப்பு_டீச்சர்:
நான் டீச்சர், ரெண்டு விதமான ஸ்கூல்லயும் வேலை பார்த்திருக்கேன், அதனால ஸ்கூல் ரேங்கிங் பத்தி மட்டும் சொல்றேன், கொஞ்சம் பெரிய பதிவா வரும்.

ரேங்கிங் போடுறவங்க பெரும்பாலும் எடுக்கிறது பரீட்சை மார்க்கோட சராசரி. அந்த சராசரியில பெரும்பங்கு அப்பா அம்மாவோட படிப்பு, வருமானம். அதாவது அந்த ஸ்கூல் வாசல்ல எந்த மாதிரி பிள்ளைங்க உள்ள வர்றாங்கன்னு அது காட்டுது, உள்ள வந்த பிள்ளையை ஸ்கூல் எவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போகுதுன்னு காட்டாது. அதுக்கு வேற அளவு இருக்கு, ஒரு பிள்ளை போன வருஷம் எங்க இருந்தது, இந்த வருஷம் எங்க வந்திருக்குன்னு பார்க்கிற வளர்ச்சிக் கணக்கு. நிறைய ஊர்ல அதையும் தனியா வெளியிடுறாங்க, தேடிப் பாருங்க. ரெண்டு வசதியான ஏரியா ஸ்கூலை ஒப்பிட்டா, ரேங்க்ல முன்ன பின்ன இருந்தாலும் இந்த வளர்ச்சிக் கணக்குல வித்தியாசமே இல்லாம போகலாம், தலைகீழாக் கூட இருக்கலாம்.

அடுத்தது, இதைப் பெத்தவங்க யாரும் என்கிட்ட கேட்கிறதே இல்ல. 1980கள்ல ஹெர்பர்ட் மார்ஷ்னு ஒரு உளவியலாளர் ஆரம்பிச்சு வெச்ச ஆராய்ச்சி, அப்புறம் பல நாடுகள்ல திரும்பத் திரும்பப் பார்த்துட்டாங்க. ஒரே திறமை உள்ள ரெண்டு பிள்ளையில, எல்லாருமே கெட்டிக்காரங்களா இருக்கிற ஸ்கூல்ல படிக்கிற பிள்ளைக்குத் தன் மேல இருக்கிற நம்பிக்கை குறைவா இருக்கு. ஏன்னா பிள்ளை தன்னை ஊர் உலகத்தோட ஒப்பிடாது, பக்கத்து பெஞ்சோடதான் ஒப்பிடும். நல்லா கணக்கு போடுற ஒரு பொண்ணு 'எனக்கு கணக்கு வராது மிஸ்'னு என்கிட்ட அழுதிருக்கா. வேற எந்த கிளாஸ்ல உட்கார்ந்திருந்தாலும் முதல் மூணு பேர்ல அவ இருந்திருப்பா.

இன்னொண்ணு, சுனியா லூதர்னு இந்தியாவுல பிறந்து அமெரிக்காவுல வேலை பார்த்த ஒரு ஆராய்ச்சியாளர், 2023ல காலமாயிட்டாங்க. ஏழைப் பிள்ளைங்களோட ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காகத்தான் வசதியான புறநகர்ப் பிள்ளைங்களை ஆராய்ச்சிக்குள்ள கொண்டு வந்தாங்க, கடைசியில பார்த்தா மனப் பதட்டம், மன அழுத்தம், போதைப் பழக்கம் இதெல்லாம் இந்தப் பிள்ளைங்ககிட்ட எதிர்பார்த்ததை விட அதிகம். 2019ல அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களோட ஒரு அறிக்கையில, கூடுதல் ஆபத்துல இருக்கிற பிள்ளைங்க பட்டியல்ல, வறுமையில வளர்றவங்களோட சேர்த்து, ரொம்ப உயர்ந்த சாதனை எதிர்பார்க்கிற ஸ்கூல்ல படிக்கிறவங்களையும் வெச்சாங்க. படிச்சப்போ எனக்கு ஆச்சரியமே வரலை, கிளாஸ்ல தினமும் பார்க்கிறதுதான். நல்ல ஸ்கூலுக்கு அனுப்பாதீங்கன்னு நான் சொல்ல வரலை. 'நம்பர் ஒன்'கிற ஒரு வார்த்தைக்காக மட்டும் வருஷத்துக்கு 270 மணி நேரத்தைக் கொடுத்துடாதீங்கன்னு கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.

ஸ்கூலை நேர்ல போய்ப் பாருங்க. மூணு வருஷத்துல எத்தனை டீச்சர் வேலையை விட்டுப் போனாங்க, மெதுவாப் படிக்கிற பிள்ளைக்கு யார் உதவி பண்றாங்க, பிள்ளை அழுதா பேச கவுன்சிலர் இருக்காரா, மதிய இடைவேளை எவ்வளவு நேரம்னு கேளுங்க. பதில் சொல்ற விதத்துலயே பாதி தெரிஞ்சிடும்.

மழைச்சாரல்:
டீச்சர், நீங்க சொல்றதை மறுக்க மாட்டேன், ஆனா ஒரு சந்தேகம். என் பெரியவனுக்கு கற்றல் குறைபாடு இருக்கு. அவனுக்குத் தேவையான ஸ்பெஷல் டீச்சர், ஸ்பீச் தெரபி எல்லாம் நல்லா காசு இருக்கிற ஸ்கூல்லதான் கிடைச்சுது. முன்னாடி இருந்த ஸ்கூல்ல இருபது பிள்ளைக்கு ஒரு ஸ்பெஷல் டீச்சர்தான்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அப்ப வசதியான ஸ்கூல்னா சும்மா பேருக்குன்னு சொல்லிட முடியாது இல்லையா.

ஒன்பதாம்_வகுப்பு_டீச்சர்:
நிச்சயமா இல்லம்மா. உங்க பையன் விஷயத்துல நீங்க பார்த்தது ரேங்க் இல்ல, உங்க பிள்ளைக்கு என்ன வேணும், அது அங்க இருக்கான்னு பார்த்தீங்க. நானும் அதைத்தான் சொல்றேன். தன் பிள்ளை யாருன்னு தெரிஞ்சுக்கிட்டு ஸ்கூலைத் தேடுறவங்க எப்பவும் சரியாத்தான் தேடுறாங்க.

தெருவோரம்:
நான் இன்னும் கல்யாணமே ஆகாதவன், கருத்து சொல்லலாமான்னு தெரியலை, ஆனா நான் வளர்ந்தது அச்சு அசல் அந்த புதுசு மாதிரி இடத்துல, அதனால பிள்ளையோட பக்கத்துல இருந்து சொல்றேன். பத்து வயசு வரைக்கும் சொர்க்கம். மழைச்சாரல் அக்கா சொன்ன மாதிரியேதான், சைக்கிள், நீச்சல் குளம், கூட்டம். பன்னெண்டு பதிமூணு வயசுல எல்லாம் மாறிடுச்சு. ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போகணும்னா அம்மா கொண்டு விடணும், புக் வாங்கணும்னா அப்பாவுக்கு லீவு இருக்கணும், சினிமாவுக்கு யார் அப்பா ஃப்ரீயா இருக்காரோ அவர் கூட்டிட்டுப் போகணும். எங்க அம்மா வேலை முடிஞ்சு வந்து மறுபடி கார் சாவியைத் தேடுற முகம் எனக்கு ஞாபகம் இருக்கு, அதனாலயே நான் கேட்கிறதையே நிறுத்திட்டேன், ரூம்லயே கேம் ஆடிட்டு இருந்தேன். எல்லாரும் இவன் அமைதியான பையன்னு பாராட்டுனாங்க. எனக்கு வெளிய போகணும்னுதான் ஆசை, வழி இல்லை.

என் கஸின் வளர்ந்தது ரயில் பக்கத்துல சின்ன வீடு. அவளுக்கு பதிமூணு வயசுல லைப்ரரி, டியூஷன், ஃப்ரெண்ட்ஸ் வீடு எல்லாம் தனியா போய்ட்டு வர்றது சாதாரணம். டிக்கெட் எடுக்க, வழி கேட்க, தப்பான ஸ்டாப்ல இறங்கினா சமாளிக்க எல்லாம் அப்பவே தெரியும். எனக்கு அதெல்லாம் காலேஜ்லதான் வந்துச்சு. அண்ணா, உங்க பொண்ணுக்கு இப்ப 7. அவளுக்கு ஏழு வயசு இருக்கப் போறது ஒரே ஒரு வருஷம். பன்னெண்டுல இருந்து பதினெட்டு வரைக்கும் அவ எங்க, எப்படிப் போவா, யாரைக் கேட்டுப் போவான்னு யோசிச்சுப் பாருங்க.

வெண்பா_அப்பா:
தம்பி, இதைப் படிச்சுட்டு மனைவிகிட்ட காட்டினேன், ரொம்ப நேரம் பேசினோம். நாங்க ரெண்டு பேரும் இந்தக் கோணத்துல யோசிக்கவே இல்லை. நன்றி.

ஆனா பழசுல எனக்கு ஒரு பயம், தெருவுல வண்டி போகுது, கேட் கிடையாது. பிள்ளைங்க தனியா நடக்கலாம்னு சொல்றது கேட்க நல்லா இருக்கு, மனசு கேட்குமா?

நடைராஜா:
அந்த பயம் நியாயமானது, ஆனா ஏரியாவைப் பார்த்து முடிவு பண்ணக்கூடாது, தெருவைப் பார்த்து முடிவு பண்ணணும். ஒரே ஏரியாவுல ரெண்டு தெரு தள்ளினா கதையே வேற. டொனால்ட் ஆப்பிள்யார்டுன்னு ஒரு நகரமைப்பு ஆராய்ச்சியாளர் சான் பிரான்சிஸ்கோவுல பக்கத்து பக்கத்துல இருக்கிற மூணு தெருவை எடுத்துப் பார்த்தார், 1970களை ஒட்டி. வண்டி குறைவா போற தெருவுல ஒருத்தருக்குத் தெருவுக்குள்ள சராசரியா 3 நண்பர்கள், வண்டி அதிகமா போற தெருவுல 0.9. மூணு தெருவும் பார்க்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், பெரிய வித்தியாசம் டிராஃபிக்.

வேகத்தையும் பாருங்க. 2020ல ஸ்டாக்ஹோம்ல நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டுப் பிரகடனத்துல, நடக்கிறவங்களும் வண்டியும் கலந்து போற இடத்துல 30 கிமீதான் உச்ச வேகம்னு கேட்டுக்கிட்டாங்க. 30ல மோதினா பெரும்பாலும் உயிர் பிழைச்சிடலாம், 50ல அந்த உத்தரவாதம் போயிடும். இப்ப புதுசை யோசிங்க, கேட்டுக்குள்ள பாதுகாப்புதான், கேட்டைத் தாண்டினா என்ன? அகலமான நாலு வழி ரோடு, நடைபாதை இருக்கோ இல்லையோ, வண்டி எல்லாம் பறக்கும். ஸ்கூல் அந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தா பிள்ளை பதினஞ்சு வயசானாலும் நடந்து போக விட மாட்டீங்க. 1929லயே கிளாரன்ஸ் பெர்ரின்னு ஒருத்தர் சொன்னது, குடியிருப்புக்கு நடுவுல ஸ்கூல் இருக்கணும், பிள்ளை பெரிய ரோட்டைக் கடக்காமலே போய்ச் சேரணும்னு. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அதை விட எளிமையான சோதனை கிடையாது. ரெண்டு வீட்டு வாசல்ல இருந்தும் ஸ்கூல் வரைக்கும் உங்க பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு நடங்க, காலை ஸ்கூல் நேரத்துல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் போனா எல்லா ஏரியாவும் அழகாத்தான் இருக்கும்.

உங்க அம்மாவையும் மறந்துடாதீங்க. கார் ஓட்டாத பெரியவங்களுக்கு புதுசு மாதிரி இடம் பகல் முழுக்க வீட்டுச் சிறை. பெரிய ரூம் கொடுத்துட்டோம்னு நாம நினைச்சுக்குவோம், அவங்களுக்கு வேணும்கிறது நாலு எட்டு நடந்தா பேச ஒரு ஆள்.

மேஸ்திரி_மகன்:
எல்லாரும் பழசு பக்கம் போயிட்டீங்க, நான் கட்டட வேலையில இருக்கேன், பழைய வீட்டுல என்ன இருக்கும்னு யாராவது சொல்லணும் இல்ல. 50 வருஷ வீடுன்னா வயரிங், தண்ணிக் குழாய், கழிவுக் குழாய், கூரை இந்த நாலும் ஆயுசு முடிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். வெளிய பெயின்ட் அடிச்சு கிச்சன் டைல்ஸ் மாத்தி வித்துடுவாங்க, சுவத்துக்குள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். இன்னும் முக்கியமா ஈயம் கலந்த பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் ரெண்டையும் டெஸ்ட் பண்ணுங்க. அமெரிக்காவுல வீட்டுக்கு அடிக்கிற ஈய பெயின்ட்டை 1978லயே தடை பண்ணிட்டாங்க, சில நாடுகள்ல அதுக்கப்புறமும் ரொம்ப காலம் ஓடுச்சு. அந்த தூசி 3 வயசுப் பையன் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், தரையில உட்கார்ந்து விளையாடுற வயசு. நீங்களா சுரண்டவே சுரண்டாதீங்க.

அதே நேரம் புதுசுன்னா செலவே இல்லைன்னும் நினைக்காதீங்க. மாசாமாசம் பராமரிப்புத் தொகை உண்டு, அது ஏறுமே தவிர இறங்காது. எல்லா வீடும் ஒரே வருஷம் கட்டினது, அதனால ரோடு, கூரை, பம்பு எல்லாம் ஒரே சமயத்துல பழசாகும், அப்ப எல்லார் தலையிலயும் பெரிய பில் விழும். சங்கத்தோட கையிருப்பு நிதி எவ்வளவுன்னு கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்க.

கணக்குப்புள்ள:
மேஸ்திரி மகன் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். வேகமா வளர்ற ஏரியாவுல ஸ்கூல் எல்லைக்கோடு, அதாவது எந்தத் தெருப் பிள்ளைக்கு எந்த ஸ்கூல்னு பிரிக்கிற கோடு, அடிக்கடி மாறும். இன்னைக்கு நம்பர் ஒன் ஸ்கூலுக்குன்னு வாங்குற வீடு, பையன் சேரும்போது அந்த ஸ்கூல் எல்லையில இருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்க மாட்டாங்க. பழைய ஏரியாவுல ஜனத்தொகை கிட்டத்தட்ட நிலையா இருக்கும், கோடும் அவ்வளவு சீக்கிரம் நகராது.

ராஜ் செட்டிங்கிற அமெரிக்கப் பொருளாதார நிபுணரோட ஆராய்ச்சியை நிறைய பேர் இந்த விவாதத்துல இழுப்பாங்க, நீங்களும் படிச்சிருப்பீங்க. 13 வயசுக்கு முன்னாடி வறுமை குறைஞ்ச ஏரியாவுக்கு மாறின பிள்ளைங்க பெரியவங்க ஆனப்போ 31 சதவீதம் கூடுதலா சம்பாதிச்சாங்கன்னு. உண்மைதான், ஆனா அது ரொம்ப ஏழ்மையான இடத்துல இருந்து மாறினவங்க கதை. ரெண்டு வசதியான ஏரியாவுக்கு நடுவுல அந்த வித்தியாசத்தை எதிர்பார்க்கக் கூடாது. அதுல இருந்து உங்களுக்கு எடுத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, பதிமூணு வயசுக்கு மேல மாறின பிள்ளைங்களுக்கு அந்தப் பலன் கிடைக்கலை. அதனால எங்க போனாலும் இப்பவே போங்க, போனா அங்கேயே வேர் விடுற மாதிரி போங்க. இப்போதைக்கு இதுல இருப்போம், அப்புறம் மாறிக்கலாம்னு வாங்காதீங்க.

வெண்பா_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. சொன்ன மாதிரியே வேலை நாள்ல ரெண்டு இடத்துக்கும் போனோம், பொண்ணையும் அம்மாவையும் கூட்டிட்டு. புதுசுல ஸ்கூல் கட்டடம் பிரமாதம், அதுல பொய் சொல்ல மாட்டேன், ஆனா பத்து நிமிஷ தூரத்துக்கு நாப்பது கார் வரிசை, நடந்து வந்த பிள்ளை ஒண்ணு கூட எங்க கண்ணுல படலை. டீச்சர்ங்க எத்தனை பேர் போனாங்கன்னு கேட்டேன், பதில் சுத்தி வளைச்சுதான் வந்துச்சு. பழசுல ஸ்கூலுக்கு நடக்கிற வழியில ஒரே ஒரு ரோடு கடக்கணும், அங்க காலையில ஒருத்தர் நின்னு நிறுத்தி அனுப்புறாங்க. மூணாவது நாலாவது படிக்கிற பசங்க கூட்டமா நடந்து போறாங்க. எங்க அம்மா லைப்ரரி வாசல் பெஞ்ச்ல உட்கார்ந்து ஒரு பாட்டிகிட்ட பேச ஆரம்பிச்சு, கிளம்ப மனசே இல்லாம கிளம்பினாங்க.

முடிவு பண்ணிட்டோம், பழசுதான். எனக்கு அந்தப் பெரிய வீடு மேல இன்னும் ஆசை இருக்கு, மறைக்கலை. ஆனா மனைவி சாயங்காலம் ஆறரைக்கு வீட்ல இருப்பாங்கன்னு நினைச்சா வேற எதுவும் பேசத் தோணலை. மேஸ்திரி மகன், வீட்டை முழுசா பரிசோதனை பண்ணி ரிப்போர்ட் வந்த பிறகுதான் கையெழுத்துன்னு சொல்லிட்டேன். கையில இருக்கிற காசுல எல்லா வேலையும் ஒரே தடவையில முடியாது. எதை முதல்ல செய்யணும்?

மேஸ்திரி_மகன்:
நல்ல முடிவு, வாழ்த்துகள். சுவத்துக்குள்ள இருக்கிறதை முதல்ல முடிங்க, வயரிங்கும் குழாயும், ஏன்னா அதுக்கு எப்படியும் சுவத்தை உடைச்சாகணும், குடிவந்த பிறகு உடைச்சா ரெண்டு மடங்கு செலவு. கூரை ஒழுகினா அது அதோடவே. ஈயம் இருக்குன்னு டெஸ்ட்ல வந்தா, அதுக்குன்னு பயிற்சி எடுத்த ஆளுங்களை வெச்சு எடுத்து, கழுவித் துடைச்சு, மறுபடி டெஸ்ட் பண்ற வரைக்கும் வாடகை வீட்டை விடாதீங்க, பையனை ஒரு நாள் கூட உள்ள கூட்டிட்டு வராதீங்க. கிச்சன் ரெண்டு வருஷம் அப்படியே இருக்கட்டும், அதுல சமைச்சுப் பழகின பிறகு எங்க என்ன வேணும்னு வீட்ல இருக்கிறவங்களே சொல்லுவாங்க. ரிப்போர்ட் வந்ததும் இங்க போடுங்க, பேரு அட்ரஸ் மறைச்சுட்டு. பார்த்துட்டு எதுக்கு விலை குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்னு சொல்றேன்.